ரம்பம் சைட்டுக்கு வந்து சேரும் விதம்

வீட்டு வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் தச்சர்களான நாங்கள் உள்ளே வருவோம். பெயின்ட் ஒரு கோட் முடிந்திருக்கும், டைல்ஸ் மேல் அட்டை விரித்திருப்பார்கள். கதவு நிலையைச் சுற்றி ஆர்க்கிட்ரேவ் என்கிற மரச்சட்டம், தரையோரம் ஸ்கர்ட்டிங், அலமாரி விளிம்புக்குத் தேக்கு பீடிங், மைக்கா ஒட்டிய ஷட்டர் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற வேலை. கான்கிரீட் ஊற்ற அடிக்கும் சென்ட்ரிங் பலகையில் கால் இன்ச் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே ஒரு மில்லிமீட்டர் விட்ட மூலையை வீட்டுக்காரர் செல்போன் டார்ச் அடித்துக் காட்டுவார்.

மூலை விட்டுப்போனால் ஆசாரிக்குக் கைவராது என்று சொல்லிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கை காரணமில்லை. காலையில் ரம்ப மெஷின் எந்த வண்டியில், எப்படிக் கிடந்து வந்தது, எதன் மேல் உட்கார்ந்தது, எந்த ஒயரில் கரண்ட் எடுத்தது என்பதிலேயே பாதி வேலை தீர்மானமாகிவிடுகிறது. விரல் போன கதைகளை விசாரித்தாலும் இதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். முதல் வெட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அந்த அரை மணிக்குக் கூலி கிடையாது.

முதலில் வண்டி. குட்டி யானையில் பிளைவுட் ஏற்றி, மிச்ச இடத்தில் மெஷினைச் சொருகுவதுதான் நம்மூர் வழக்கம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். பத்து ஷீட் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் நழுவி, மரத்தைக் குறுக்கே கோணம் வைத்து வெட்டும் மைட்டர் சா மேல் சாய்ந்தால், பிளேடும் மோட்டாரும் இருக்கும் தலை வளையும், மரத்தை ஒட்டி வைக்கும் பின்பக்கத் தடுப்பு நகரும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அதனால் மெஷின் கேபினை ஒட்டி முன்பக்கம், பலகை அதற்குப் பின்னால், நடுவில் ஒரு குறுக்குக் கட்டை. கயிறு மெஷினின் அடித்தட்டைச் சுற்றி வர வேண்டும். கைப்பிடியில் கட்டி இழுத்தால் அந்தப் பாரம் முழுக்கத் தலை சாயும் மூட்டில்தான் விழும்.

மைட்டர் சாவில் பூட்டுகள் எல்லாம் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். தலையைக் கீழே அழுத்திப் பின்னைத் தள்ளுங்கள். முன்னும் பின்னும் ஓடும் ரகமானால் ஸ்லைடு ராடையும் முறுக்கி நிறுத்துங்கள். சுற்றும் தட்டையும் இறுக்குங்கள். பத்து இன்ச் ஸ்லைடிங் மாடல்கள் பல 20 கிலோவைத் தாண்டும். ராடைப் பூட்டாமல் படியில் தூக்கினால் நடுவழியில் தலை ஒரு பக்கம் ஓடும், எடை மாறும், தூக்குகிறவர் முட்டி மடியும். பிளேடு கவரைப் பிடித்தோ ஒயரைப் பிடித்தோ தூக்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அந்தக் கவர் ஒரு மில்லிமீட்டர் வளைந்தால் சுருங்கித் திறக்காது. அப்புறம் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வார்கள். கவர் இல்லாத மெஷின்கள் பலவற்றின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

மேஜைக்கு மேல் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சாவானால் பிளேடை மேஜைக்குக் கீழே முழுதாக இறக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். தனி பிளேடுகளைச் சாக்கில் ஆணி, ஸ்குரூவோடு போட்டுக் கட்டுவது பெரிய நஷ்டம். பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைடு கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கும். இரண்டு பிளேடு உரசினாலே நுனி தெறிக்கும். ஒரு பல் மூளியானாலும் மைக்கா விளிம்பு ஒவ்வொரு வெட்டிலும் பூப்பூவாய் உதிரும். பழைய அட்டைப்பெட்டியை வட்டமாக நறுக்கி இடையில் வைத்தால் போதும். பைக்கின் முன்பக்கத்தில் பிளேடைக் கயிற்றில் தொங்கவிட்டு வருகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல. ஐப்பசி மழையில் வருவதானால் தார்ப்பாய் அவசியம். நனைந்த மெஷினைத் துணியால் துடைத்துவிட்டு உடனே பிளக்கில் செருகாதீர்கள். உள்ளே சுருளில் இருக்கும் ஈரத்தைத் துணி துடைக்காது.

அடுத்தது கரண்ட். நமக்கு 230 வோல்ட். 1800 வாட் மெஷின் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போல் சில மடங்கு. அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் சூடாகும், ஸ்விட்ச் கருகும். ஏசிக்கோ கீசருக்கோ போட்டிருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட்டில் எடுங்கள். அது நிஜமாகவே தனி லைன்தானா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் விஷயத்தில் எல்லோரும் கஞ்சர்கள். 30 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால், 8 ஆம்பியரில் வழியிலேயே எட்டு வோல்ட் தொலையும். 2.5 சதுர மில்லிமீட்டரில் மூன்றரைக்குள் நிற்கும். ஏற்கெனவே டெம்பரரி லைனில் சாயங்காலம் வோல்டேஜ் தொய்ந்து கிடக்கும்போது இந்த எட்டு பெரிய விஷயம். பிளேடு வேகம் குறையும், ஆள் அழுத்தித் தள்ளுவான், தேக்கில் கறுப்புத் தழும்பு விழும், மோட்டார் சூடேறும். பிளேடு மழுங்கிவிட்டது என்று புதிது வாங்குவார்கள், புது பிளேடும் கருக்கும். ரீல் ஒயரானால் முழுதாகப் பிரித்துப் போடுங்கள். சுருண்ட ஒயரில் சூடு வெளியேற வழியில்லை.

பிளக் உடைந்துபோனதால் ஒயர் நுனியைச் சீவி, சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி வைத்து இறுக்குவது இன்னும் ஒழியவில்லை. ஈரத் தரையில், வெறுங்காலுடன். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று உங்கள் சொந்தக் கருவியாக இருக்கட்டும். கட்டி முடியாத வீட்டின் போர்டில் அது இருக்கும் என்று நம்ப முடியாது.

நம்மூருக்கே உரிய இன்னொரு ஆபத்து கரண்ட் கட். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது, எல்லோரும் டீ குடிக்கப் போகிறார்கள், ஸ்விட்ச் ஆன் நிலையில் லாக்கிலேயே கிடக்கிறது. கரண்ட் வந்ததும் ஆளில்லாத மெஷின் தானாக ஓடும். அந்த நேரம் பிளேடில் சிக்கிய துண்டை எடுக்க யாராவது கைவிட்டிருந்தால் முடிந்தது. புது மெஷின் வாங்கும்போது, கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஓடாத வகையா என்று கடையில் கேளுங்கள். அந்த வசதி இல்லாத மெஷினில், கரண்ட் போன உடனே ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

சரி, எங்கே நிறுத்துவது? எட்டடி ஷீட்டை நீளவாக்கில் பிளக்க, பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, ஆள் நிற்க இடம் என்று மொத்தம் இருபதடி நேர்கோடு வேண்டும். அபார்ட்மென்ட் ஹாலில் அது பல நேரம் கிடைக்காது. மூலைவாட்டில் போட்டால் கிடைக்கலாம், அல்லது பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு. அதுவும் இல்லையென்றால் ஷீட்டைக் கடையிலேயே பேனல் சாவில் பிளந்து வாங்கி வாருங்கள். மாடிக்குத் தூக்கும் வேலையும் மிச்சம்.

புது கிரானைட் தரையில் மெஷின் கால்கள் வழுக்கும். அடியில் ரப்பர் பாயோ பழைய கார்ப்பெட் துண்டோ போடுங்கள், தரையும் கீறாது. மொட்டை மாடியில் தண்ணீர் வடியச் சரிவு விட்டிருப்பார்கள். அங்கே ரசமட்டம் வைத்து, ஆடும் காலுக்கு ஆப்பு கொடுக்காமல் தொடங்கக் கூடாது. மேஜை ஆடினால் மரம் நடுவெட்டில் திரும்பும். வெட்டி வெளியே வரும் பலகையைத் தாங்க மேஜை உயரத்துக்கே ஒரு முக்காலி வையுங்கள். அது இல்லாத இடத்தில் உதவிப் பையனைப் பின்னால் நிறுத்திப் பலகையை இழுக்கச் சொல்வார்கள். அவனுக்கு வெட்டின் வேகம் தெரியாது, கொஞ்சம் கோணலாக இழுத்தாலும் பலகை பிளேடை நெரிக்கும்.

நெரித்தால் என்ன ஆகும்? பத்து இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 4800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு ஏறத்தாழ மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழுகின்றன. பலகை அவற்றில் பட்டால் அது தூக்கப்பட்டு, தள்ளுகிறவர் வயிற்றை நோக்கி வரும். கை இழுபட்டு பிளேடு பக்கம் போவதும் அந்த நொடியில்தான். இதைத் தடுக்க பிளேடுக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு தகடு, ரிவிங் நைஃப், கம்பெனி மெஷினிலேயே வருகிறது. இடைஞ்சல் என்று அதைத்தான் முதலில் கழற்றுகிறோம்.

கழற்றக்கூட ஒன்றுமில்லாத மெஷின்தான் நம் சைட்டுகளில் அதிகம். கை கட்டரைத் தலைகீழாகப் பிளைவுட்டில் ஸ்குரூ பண்ணி, ட்ரிகரை ஒயரால் கட்டிவிட்ட மேஜை. வறுமையில் பிறந்த புத்திசாலித்தனம், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதில் கவரும் இல்லை, தகடும் இல்லை, அணைக்க வேண்டுமென்றால் சுவர் வரை நடக்க வேண்டும். டேபிள் சா வாங்கும் வரை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், குறைந்தது கைக்கோ முட்டிக்கோ எட்டும் இடத்தில் தனி ஸ்விட்ச் ஒன்றைப் பதியுங்கள். பிளேடுக்குப் பின்னால் வெட்டின் பள்ளத்தில் ஓடும்படி மெல்லிய, உறுதியான தகடு ஒன்றை நிறுத்துங்கள். அதன் கனம் பிளேடு உடலைவிடக் கூடுதலாகவும் பல்லின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மரத்தைத் தள்ள ஒரு தள்ளுகட்டை, எப்போதும். கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் கவரைக் கழற்றி மர பிளேடு மாட்டுவது மட்டும் எங்கள் குழுவில் கிடையாது. எவ்வளவு அவசரமானாலும் கிடையாது.

பிளேடு மாட்டும்போது பிளக் வெளியே இருக்க வேண்டும். அம்புக்குறி சுற்றும் திசையில். துளை அளவு 20, 25.4, 30 மில்லிமீட்டர் என்று பல உண்டு. பொருந்தவில்லையென்றால் அதற்கென்று இருக்கும் புஷ் வளையம்தான், டேப் சுற்றக் கூடாது. பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மெஷின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும். பெரிய மெஷினுக்குச் செய்த பிளேடு அந்த வேகத்துக்கு ஆனதல்ல.

இனி மூலைமட்டம். வண்டியில் ஆடி வந்த மைட்டர் சாவின் 90 என்ற கோட்டை நம்பாதீர்கள். அகலமான, இரு பக்கமும் நேரான ஒரு துண்டை வெட்டி, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, நேரான கட்டையில் ஒட்டிச் சேர்த்துப் பாருங்கள். வெட்டு பிசகியிருந்தால் பிசகு இரண்டு மடங்காகத் தெரியும். 45க்கு இரண்டு துண்டு வெட்டி மூலைமட்டத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று இன்ச் ஆர்க்கிட்ரேவில் ஒவ்வொரு துண்டிலும் அரை டிகிரி பிசகினால், மூலையின் ஒரு முனை கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் திறக்கும். டார்ச்சுக்குப் போதும். டேபிள் சாவில் ஒரே பல்லைக் குறித்துக்கொண்டு, முன்னால் வைத்தும் பின்னால் சுற்றியும் தடுப்புக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பின்பக்கம் குறுகியிருந்தால் பலகை நெரிபடும், மேலே சொன்னபடி பலகை வயிற்றை நோக்கி உதைத்து வருவதும் அதனால்தான்.

தோளில் துண்டு, கைலி, கையில் சாமிக் கயிறு, இவற்றோடு மெஷின் முன் நிற்கக் கூடாது. கயிற்றை அறுக்க மனம் வராதவர்கள் சட்டைக் கையை இறுக்கமாகப் போட்டு உள்ளே மறையுங்கள். சுற்றும் பிளேடு முன் கையுறையும் வேண்டாம், இழுத்துக்கொள்ளும். முகத்துக்கு மாஸ்க் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் தூள் இன்னும் நுண்மையாகப் பறக்கும். இப்போது குழுவில் பாதிப்பேர் ராஜஸ்தான், பீகார் தம்பிகள். "நிறுத்து" என்பதற்கு ஒரு கை சாடை காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது.

இத்தனைக்கும் பிறகு விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து 108ஐக் கூப்பிடுங்கள். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, படுகிற திசு கெட்டுவிடும். மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். கை அறுவைக்கென்றே தனித் துறை உள்ள இடத்துக்குப் போவது முக்கியம். சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனை, கோவையில் கங்கா மருத்துவமனை இதற்குப் பெயர் பெற்றவை. உங்கள் ஊருக்கு அருகில் எது என்பதை வேலை தொடங்கும் முன்பே விசாரித்து போனில் போட்டு வையுங்கள்.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு 16 ஆம்பியர் பாயின்ட், ஒரு காலி அறை, முதல் நாள் காலையில் அரை மணி, இந்த மூன்றையும் கொடுங்கள். "வந்து ஒரு மணி ஆச்சு, இன்னும் ஒரு கட்டைகூட வெட்டலையே" என்று கேட்காதீர்கள். வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று காட்ட சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிவருவது பல வீடுகளில் வழக்கம். வேலை முடித்துப் போகும்போது நாங்கள் பிளக்கைப் பிடுங்கி, பிளேடை இறக்கி, தலையைப் பூட்டி, அறைச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். உங்கள் ஆட்கள் அப்படிச் செய்கிறார்களா என்று ஒரு நாள் இருந்து பாருங்கள். பேட்டரி மெஷினானால் பேட்டரி அவர்கள் பையில் போக வேண்டும், மெஷினில் இருக்கக் கூடாது.