அகல டயர் போட்டால் கிரிப் கூடுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வைத்திருக்கிறேன். கம்பெனி டயர் 165/80 ஆர்14, தேய்ந்துவிட்டது. டயர் கடையில் '15 இன்ச் அலாய் மாத்தி 195/65 போட்டுக்கோங்க சார், ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்' என்கிறார்கள். போடலாமா?"

முதலில் கணக்கு. 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். அதை இரண்டால் பெருக்கி, ரிம்மின் 14 இன்ச்சை (355.6 மி.மீ.) கூட்டினால் மொத்த விட்டம் 619.6 மி.மீ. கடைக்காரர் சொல்லும் 195/65 ஆர்15-க்கு 634.5 வருகிறது, 2.4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் இப்போது காட்டுவதைவிட அவ்வளவு குறைத்துக் காட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசவும் வாய்ப்புண்டு. இதே காரின் இசட்எக்ஸ்ஐ மாடலில் கம்பெனியே கொடுத்த 185/65 ஆர்15 அளவுக்குக் கணக்குப் போட்டால் 621.5. வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. ரிம்மை மாற்ற விருப்பமில்லை என்றால் 185/70 ஆர்14 (614.6) போதும். டயரில் அளவை அடுத்து இருக்கும் எண்ணையும் பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. கம்பெனி டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது.

இனி, 'கவ்விப் பிடிக்கும்' என்ற பேச்சு. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது, காற்று 30 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 143 சதுர சென்டிமீட்டர். ஒரு கையின் பரப்பு! டயர் 165 ஆனாலும் 195 ஆனாலும், எடையும் காற்றும் மாறாதவரை இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது அது கொஞ்சம் உதவும். ஆனால் தேங்கிய மழைநீரில் அகலமான டயர்தான் சீக்கிரம் மிதக்கும்.

அப்படியானால் கிரிப் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ரப்பர் கலவையில். இங்கேதான் அழகான ஒரு முரண்பாடு வருகிறது.

தார் சாலையின் ஜல்லி முனை ரப்பரில் அழுந்துகிறது. ரப்பர் சறுக்கும்போது முனையின் முன்பக்கத்தை அழுத்தித் தள்ளுகிறது. பின்பக்கத்தில் பழைய வடிவத்துக்குத் திரும்பத் தாமதிக்கிறது. முன்னால் அழுத்தம், பின்னால் வெறுமை. இந்த ஏற்றத்தாழ்வுதான் ஈரச் சாலையில் கிடைக்கும் பிடியின் பெரும்பகுதி. அதாவது ரப்பர் சோம்பேறியாக இருக்க வேண்டும். துள்ளும் பந்துக்கான ரப்பரில் டயர் செய்தால் மழையில் வழுக்கும். ஆனால் அதே சோம்பேறித்தனம் உருளும்போது டயரைச் சூடாக்கி பெட்ரோலைத் தின்னும். கிரிப் வேண்டுமானால் மைலேஜ் போகும், மைலேஜ் வேண்டுமானால் கிரிப் போகும். அறிவிக்கப்படும் மைலேஜ் எண்ணுக்காகக் கார் கம்பெனிகள் பல நேரம் இரண்டாவது பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

தப்பிக்கும் வழி வேகத்தில் ஒளிந்திருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 11 முறைதான் சுற்றுகிறது, ரப்பரும் அத்தனை முறைதான் நசுங்கி நிமிர்கிறது. பிரேக் அடிக்கும்போது கதையே வேறு. நொடிக்கு ஒரு மீட்டர் சறுக்கினாலும், ஒரு மி.மீ. முதல் நூறில் ஒரு மி.மீ. வரையுள்ள மேடுபள்ளங்கள் ரப்பரை நொடிக்கு ஆயிரம் முதல் லட்சம் முறை குத்துகின்றன. ரப்பரின் சங்கிலி மூலக்கூறுகளுக்கு வேகமான குத்தும் குளிரும் ஒன்றுதான். இரண்டிலும் அவற்றால் நகர்ந்துகொடுக்க முடியாது. அதனால் ஆய்வகத்தில் இரண்டு வெப்பநிலைகளில் சோதிக்கிறார்கள்: ஈரப் பிடிக்கு 0 டிகிரி, உருளலுக்கு 60 டிகிரி. முதலாவதில் சோம்பல், இரண்டாவதில் சுறுசுறுப்பு. அதுவே நல்ல கலவை.

ரப்பரில் கார்பன் பிளாக் என்ற கரித்தூளை மட்டும் சேர்த்தால் இது கைகூடுவது கடினம். கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வலை அறுந்து மறுபடி சேர்வதில் சக்தி சூடாகப் போகிறது. சிலிக்கா சேர்த்தால்? அது நீரை விரும்பும், ரப்பருடன் சேராது. நடுவில் சிலேன் என்ற மூலக்கூறு தரகு வேலை பார்க்கிறது. ஒரு முனையால் சிலிக்காவைப் பிடிக்கும், கந்தகம் உள்ள மறுமுனையால் ரப்பரைப் பிடிக்கும். மிக்ஸரில் 140–160 டிகிரியில் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும். சூடு குறைந்தால் பிணைப்பு நிறைவடையாது, எல்லை மீறினால் கலவை அங்கேயே வெந்து கட்டியாகிவிடும். 1992-இல் மிச்செலின் இப்படிப்பட்ட டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிலிக்கா மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், சில டயர்களில் நிலைமின்சாரம் தரையிறங்க நடுவே மெல்லிய கார்பன் ரப்பர் கீற்று ஒன்றை விடுகிறார்கள்!

நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். குட்இயர் அதிலிருந்து எடுத்த சிலிக்காவை டயரில் பயன்படுத்துகிறது. தஞ்சை அரிசி ஆலைகளில் உமி எரிகிறது, சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள் நிற்கின்றன. இந்த இரண்டையும் இணைக்கும் ஆராய்ச்சிக்கு நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆக, கடையில் அகலத்தைப் பற்றி அல்ல, ஈரப் பிடியைப் பற்றிக் கேளுங்கள். அதே மாடல் ஐரோப்பாவில் விற்கப்பட்டால் அதன் லேபிளில் ஈரப் பிடிக்கு ஏ முதல் இ வரை தரம் இருக்கும். இங்கே தயாராகும் டயரின் கலவை வேறாக இருக்கலாம், எனவே அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த சரக்கு என்றால் வேறு கேளுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது கடினம். வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் கட்டாயம். நைட்ரஜனுக்குத் தனிக் காசு வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது. நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்குவதால் டயருக்குக் கெடுதல் இல்லை, நல்லதும் இல்லை. அதே காசைச் சேர்த்து ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு.

முதல் 200–300 கி.மீ. மெதுவாக ஓட்டுங்கள், டயரை வார்த்த அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு தேய்ந்து போகும்வரை கிரிப் முழுதாக வராது. ஸ்டெப்னி பழைய 165 ஆகவே இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு பஞ்சர் கடை வரை மட்டும், நிதானமாக.