எல்கைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வக்கீலின் வேண்டுகோள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் திருவிழாக்கள் முடிகிற சமயத்தில் எங்களைத் தேடி ஒரு தனிக் கூட்டம் வரும். மாட்டுவண்டி, குதிரைவண்டி எல்கைப் பந்தயத்தில், அதாவது குறித்த எல்லைவரை சாலையில் ஓடித் திரும்புகிற பந்தயத்தில், பணம் கட்டித் தோற்றவர்கள். வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்: "சாரதி வேணும்னே இழுத்துப் புடிச்சுட்டான் சார். கேஸ் போடணும்." இந்த முறை வந்தவர்களில் ஒருவர் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். பந்தயம் நடந்ததோ பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்ட நிதி சேர்ப்பதற்காக! ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பந்தயத்தை நான் குறை சொல்லவில்லை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக, வரிசையாக வண்டிகள் பூட்டி நிற்பதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஊரார் நன்கொடையில் பரிசு, மிச்சப் பணம் கோயிலுக்கோ பள்ளிக்கோ. நல்ல காரியம். நான் பேசுவது சாலையோரத்தில் நின்று "ஒண்ணுக்கு ரெண்டு" என்று கைமாறுகிற பணத்தைப் பற்றி மட்டும். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தர்மத்துக்குப் போவதில்லை. "நல்ல காரியத்துக்கு நடக்குற பந்தயந்தானே" என்று சொல்லிக்கொள்வது மனசைச் சமாதானம் பண்ணுவதற்கு மட்டுமே உதவும்.

என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற வாதம் இன்னொன்று: "குதிரைப் பந்தயத்துல பணம் கட்டலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சே சார்." சொன்னது உண்மை. 1996-இல், மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, அதில் பணம் கட்டுவது சூதாட்டச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பு வந்தது. எந்தக் குதிரைப் பந்தயத்தை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சியால் வந்த குதிரையின் வேகம், தாக்குப்பிடிக்கும் திறன், ஓட்டுவதையே தொழிலாகக் கற்ற ஜாக்கி, இவற்றை எடைபோட்டுப் பணம் கட்டுகிற, ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயம் அது. கிளப் பந்தயத்தில் ஜாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். குதிரைக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு. குதிரையை அதன் தகுதிக்கு ஓடவிடவில்லை என்று சந்தேகம் வந்தால் பந்தயத்தைக் கண்காணிக்கிற ஸ்டீவர்டுகள் ஜாக்கியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், இடைநீக்கம் செய்வார்கள்.

நம்ம ஊர் நிதிப் பந்தயத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? வண்டியில் ஏறுகிறவர் சில நேரம் குதிரைக்காரரின் மகன், சில நேரம் நன்கொடை கொடுத்தவரின் மைத்துனர். ஆசைக்கு ஓட்டுகிறார்கள். விழாக் கமிட்டி பார்ப்பது கொடி, எல்கை, யார் முதலில் வந்தார்கள், பரிசு யாருக்கு, அவ்வளவுதான். எந்தக் குதிரை முந்தின வாரம் நொண்டியது என்று அறிவிப்பு உண்டா? எது யாருடைய குதிரை என்பதே ஓட்டத்தன்று காலையில்தான் தெரியும். இதில் திறமையை எடைபோட்டுக் கட்டினேன் என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்வது? மாட்டுவண்டி என்றால் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்கவே வேண்டாம். அது குதிரையைப் பற்றியது.

சரி, இழுத்துப் பிடித்த கதைக்கு வருகிறேன். ஒருவர் செல்போனில் வீடியோ காட்டினார். எல்கையில் திரும்பியதும் சாரதிப் பையன் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து வாரை இறுக்குகிறான், பின்னால் வந்த வண்டி தாண்டிப் போகிறது. "பாருங்க சார், பச்சையாத் தெரியுது" என்றார். மெதுவாக ஓடவிட்டு மறுபடி பார்த்தேன். குதிரையின் முன்னங்கால் ஒன்று தார்ச்சாலையில் சறுக்குகிறது. லாடம் ஒரு பக்கம் விட்டுத் தொங்குகிறது. அடுத்த அடியில் குதிரை விழுந்திருந்தால் வண்டி குடைசாய்ந்து, ரோட்டோரம் நின்ற பிள்ளைகள் மேல் போயிருக்கும். அந்தப் பையன் செய்தது சரியான காரியம். மாட்டையோ குதிரையையோ வதைத்து விரட்டுவதுதான் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மெதுவாக ஓட்டுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

ஆனால் அன்றைக்கு அவனை அடித்திருக்கிறார்கள். பணம் தோற்ற ஆத்திரத்தில் பைக்கில் துரத்திப் போய் வண்டியிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேஸ் போட வந்தவரே அந்த அடிதடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். அவருக்கு முதலில் ஜாமீன் வாங்க வேண்டியிருந்தது.

சில பேர் உண்மையிலேயே விட்டுக்கொடுத்து ஓட்டுகிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. பணம் வசூலிக்கிறவனும் சாரதியும் கூட்டு என்றால் அது மோசடிதான். நிரூபிப்பது யார்? உங்கள் புகாரின் முதல் வரியே "நான் இவ்வளவு ரூபாய் பந்தயம் கட்டினேன்" என்று ஆரம்பிக்கும். கூட்டு இல்லாமல் தானாக மெதுவாக ஓட்டினார் என்றால் மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தச் சாரதி உங்களிடம் பணம் கேட்கவில்லை, உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, உங்களை யாரென்றே அவருக்குத் தெரியாது. அவர் எதற்கு உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஜெயித்தவர்களும் வருகிறார்கள். "நான் ஜெயிச்சேன், காசு தரமாட்டேங்குறான்." 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: பந்தயம் கட்டுகிற ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த தொகைக்காக வழக்குத் தொடர முடியாது, நடுவில் ஒருவரிடம் கொடுத்து வைத்த தொகைக்கும் முடியாது. அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. குதிரைப் பந்தயத்தில் வென்றவருக்குத் தருவதற்காக 500 ரூபாயோ அதற்கு மேலோ பரிசாகச் சேர்க்கிற நன்கொடை செல்லும். அதாவது ஊரார் கொடுத்த பரிசுக்குச் சட்டம் இடம் தருகிறது, வேடிக்கை பார்த்தவர் கட்டிய பணத்துக்குத் தரவில்லை.

பணம் வசூலிக்கிற தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆவது பிரிவில், குழுவாகச் சேர்ந்து அனுமதியில்லாத பந்தயம் நடத்துவதும் அடங்கும். ஓர் ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை போகக்கூடிய சிறைத்தண்டனை. வாட்ஸ்அப் குரூப்பில் யார் எவ்வளவு கட்டினார் என்று எழுதி வைத்து, ஜிபேயில் பணம் வாங்குகிறீர்கள். உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே தயார் பண்ணுகிறீர்கள்.

குடும்பங்களை அழிப்பது கட்டின பணம்கூட இல்லை, அதற்கு அப்புறம் வருகிற காகிதம். போன மாதம் ஓர் அப்பத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். செக் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ். பையன் பந்தயத்தில் கடன் சொல்லிக் கட்டியிருக்கிறான். தோற்றதும், பணம் வரும்வரை இருக்கட்டும் என்று தொகை எழுதாத செக்கும் புரோநோட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். நோட்டீஸில் பந்தயம் என்ற பேச்சே இல்லை. "குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாகப் பெற்ற கடன்" என்று இருக்கிறது.

"சூதாட்டக் கடன் செல்லாதுன்னு நீங்கதானே தம்பி சொல்றீக?" என்று கேட்டார் அப்பத்தா. ஆமாம், செல்லாது. ஆனால் செக்கில் கையெழுத்து உங்களுடையது என்று ஆகிவிட்டால், அது கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். செக், புரோநோட்டு பற்றிய மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 118, 139 பிரிவுகள் அப்படித்தான் சொல்கின்றன. அது பந்தயக் கடன் என்று காட்டவேண்டிய பொறுப்பு கையெழுத்துப் போட்டவர் தலையில். அதற்குள் எத்தனை வாய்தா, எத்தனை பஸ் செலவு. தோற்றால் 138-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

அதனால், தயவுசெய்து கேளுங்கள். பந்தயத்தைப் பார்க்கப் போனால் பாருங்கள், கைதட்டுங்கள், பிடித்த வண்டிக்காரருக்குக் கமிட்டி மைக்கில் அன்பளிப்பு அறிவியுங்கள். சாலையோரத்தில் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். கடன் சொல்லிக் கட்டவே கட்டாதீர்கள். எழுதாத செக்கிலும் புரோநோட்டிலும் பெற்ற தகப்பன் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். சாரதி மேல் கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் விழாக் கமிட்டியிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்த ஆண்டு அந்த வண்டியைச் சேர்க்காமல் விடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

விழாக் கமிட்டிகளுக்கு: வண்டி பூட்டுவதற்கு முன் லாடத்தையும் காலையும் கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். காயத்தால் பின்வாங்கிய வண்டி எது என்று மைக்கில் உடனே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு அறிவிப்பு இருந்திருந்தால் அந்தப் பையன் அடி வாங்கியிருக்க மாட்டான். பின்னால் பைக் விடுகிறவர்களை எல்கைக்கு முன்பே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காரவேண்டாம். செக் திரும்பிய நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு இருப்பது 15 நாள். அதற்குள், இது பந்தயத்தில் வாங்கிய செக் என்று பதில் நோட்டீஸ் போக வேண்டும். அப்போது பேசாமல் இருந்துவிட்டு சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால் எடுபடுவது கஷ்டம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், ஜிபே விவரங்களைப் பிரதி எடுத்து வையுங்கள், உடன் இருந்தவர்கள் பெயரை எழுதி வையுங்கள். வக்கீலிடம் போகும்போது நோட்டீஸ் வந்த கவரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், அஞ்சல் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது.