சண்டையில் தோற்ற ஏஞ்சல் மீன் எங்கே போகும்?

கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஏஞ்சல் மீன்கள் குட்டியாக இருக்கும்போது கூட்டமாகத் திரியும். எட்டு, பத்து மாதம் ஆனதும் அதே தொட்டியில் ஒன்று மற்றவற்றை மூலைக்கு விரட்டத் தொடங்கும். மீனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வளர்ப்பவர் பதறுவார். அது பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏஞ்சல் மீன் திலாப்பியாவைப் போலவே சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். காவலுக்கு ஓர் இடம் வேண்டும். சண்டை அந்த இடத்துக்காகத்தான்.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். முதலில் துடுப்புகளை விரித்து, பக்கவாட்டில் திரும்பித் தன் உடல் எவ்வளவு பெரிது என்று காட்டும். உடலின் கறுப்புப் பட்டைகள் அடர்ந்தும் வெளிறியும் மாறும். அடுத்தது வாலடி. வாலால் தள்ளும் தண்ணீரின் அழுத்தத்தை, எதிரி தன் உடலின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள உணர்வு உறுப்புகளால் அறியும். எதிரே நிற்பவனின் பலம் இப்படித்தான் அதற்குப் புரிகிறது. இதிலும் தீராவிட்டால் வாயோடு வாய் கவ்வி இழுக்கும். காயம் பட்டால் இருவருக்கும் நஷ்டம் என்பதால், பெரும்பாலான சண்டைகள் அளந்து பார்ப்பதோடு முடிந்துவிடும். தோற்றது துடுப்பை மடக்கிக்கொண்டு விலகும்.

சிக்கல் இந்த 'விலகும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அமேசான் படுகையின் ஆறுகளில், நீரில் மூழ்கிக் கிடக்கும் வேர்களுக்கும் செடிகளுக்கும் இடையே சில அடி நீந்தினாலே தோற்ற மீன் எதிரியின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அது முடியாது. தோற்றவன் கண்முன்னாலேயே நிற்கிறான். இன்னும் போகவில்லை என்றுதான் ஜெயித்தவன் எடுத்துக்கொள்கிறான். எனவே மறுபடி விரட்டுகிறான். தொட்டியில் நாம் செய்யும் எந்த ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: தோற்ற மீன் கண்ணிலிருந்து மறைய இது உதவுகிறதா?

ஏஞ்சல் மீன் உயரமான மீன் என்பதால் அதை மறைக்கும் தடுப்பும் உயரமாக இருக்க வேண்டும். அடியில் கூழாங்கல் குவிப்பது இதற்கு உதவாது. மேல்மட்டம் வரை வளரும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, அகன்ற இலை கொண்ட அமேசான் வாள்செடி, செங்குத்தாக நிறுத்திய மரக்கட்டை ஆகியவை பார்வையை மறைக்கும். தொட்டியும் 45 சென்டிமீட்டராவது உயரம் இருந்தால் நல்லது.

அப்புறம் எண்ணிக்கை. மூன்று மீன் வைப்பதுதான் மிக மோசம்: இரண்டு ஜோடி சேர்ந்தால் மூன்றாவதுக்கு நிம்மதியே இருக்காது. தனியாக ஒன்று, அல்லது ஒத்துப்போகும் ஜோடி, இல்லையென்றால் பெரிய தொட்டியில் ஆறுக்கு மேல். கூட்டத்தில் விரட்டல் பலர்மேல் பகிரப்படும். ஒரே மீன் அடிவாங்கிக்கொண்டிருக்காது.

புதிதாக மீன் விடும்போது முதலில் செடிகளையும் கட்டைகளையும் இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் குழம்பி, எல்லாருமே புதுசாகத் தொடங்குவார்கள். விளக்கை அணைத்துவிட்டு விடுவது இன்னும் நல்லது. விரட்டுகிற மீனைச் சில நாள் தனியே வைத்துத் திருப்பி விடும்போதும் இதே முறைதான். ஆனால் அதை ஒரேயடியாக அகற்றினால் பிரச்சினை தீரும் என்று எண்ண வேண்டாம். பல நேரம் பலத்தில் இரண்டாவதாக இருந்த மீன் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்.

பலர் கவனிக்காத இன்னொன்று தண்ணீர். யார் பெரியவன், யார் சின்னவன் என்ற செய்தி வாசனையாகவும் நீரில் கலந்திருக்கிறது. ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றும்போது அந்தச் செய்தி கரைந்துபோய், முடிந்த வழக்கு மறுபடி தொடங்கும். ஏஞ்சல் மீன்களில் செய்த சோதனையிலும், 50 சதவீதம் மாற்றியதைவிட 25 சதவீதம் மாற்றியபோது சண்டை குறைவாகவே கூடியது. சரி, சுத்தம் முக்கியம்தான். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி மாற்றினால் இரண்டும் கிடைக்கும்.

முட்டையிட்ட ஜோடிக்கு மட்டும் இவை எதுவும் போதாது. இலையிலோ ஃபில்டர் குழாயிலோ முட்டை ஒட்டியதும், அவை தொட்டியின் பாதியைத் தமதென்று பிடித்துக்கொள்ளும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும், குஞ்சு நீந்த மேலும் சில நாள் ஆகும், காவல் அதற்குப் பிறகும் தொடரும். அந்த ஜோடிக்குத் தனித் தொட்டி கொடுத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் நடுவில் ஒரு தடுப்புப் பலகை, ஒளி புகாததாக.