கினி-பிசாவு முந்திரி வாங்குகிறீர்களா? விலைக்கு முன் அந்த நாட்டைப் பாருங்கள்

தூத்துக்குடியில் வந்து இறங்கும் ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டையை வெட்டிப் பார்த்துத் தரம் சொல்வது என் தொழில். பண்ருட்டி, மார்த்தாண்டம் பக்கம் சின்ன ஆலை நடத்துகிறவர்கள் சிலர் இப்போது நேரடியாகவே இறக்குமதி செய்யப் பார்க்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "பிசாவு கொட்டை டன் என்ன விலை?" அந்த நாடு எப்படிப் பிழைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நஷ்டம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கினி-பிசாவு, மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலுக்குத் தெற்கே இருபது லட்சம் பேர் சொச்சம் வாழும் சின்ன நாடு. போர்த்துகீசியர் காலத்தில் முக்கிய ஏற்றுமதி நிலக்கடலை. அமில்கார் கப்ரால் தொடங்கிய விடுதலை இயக்கம் பல ஆண்டுகள் ஆயுதம் ஏந்திப் போராடி, 1973-இல் சுதந்திரத்தை அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் கப்ரால் கொல்லப்பட்டிருந்தார். போரில் நிலக்கடலை படுத்துவிட்டது. 1980-களில் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு ஊரெல்லாம் முந்திரி நட்டார்கள். இன்று ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 90 சதவீதம் முந்திரிதான். அதுவும் உடைக்காத கொட்டையாகவே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. உள்ளூரில் ஆலைகள் மிகக் குறைவு.

கிராமத்தில் கொட்டையைக் கொடுத்து அரிசி வாங்கும் வழக்கம் இன்னும் உண்டு. நல்ல ஆண்டில் கிலோவுக்குக் கிலோ. விலை விழுந்தால் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு, மூன்று கிலோ கொட்டை. அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது, ஆனால் தோட்டத்து வாசலில் அது எப்போதும் கிடைப்பதில்லை. வயிற்றுக்காக அவசரமாக விற்கிறவர் கொட்டையைப் போதுமான நாள் காய வைக்க மாட்டார். ஈரப்பதக் கருவியில் நான் பார்க்கும் எண்ணுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

அப்புறம் அரசியல். 1998-99-இல் உள்நாட்டுப் போர். 2009-இல் அதிபர் வியெய்ரா கொலை. 2012 ஏப்ரலில், சரியாகக் கொள்முதல் சீசனில், ராணுவப் புரட்சி. அந்த ஆண்டு ஏற்றுமதி சரிந்தது. அறுவடை மார்ச் வாக்கில் தொடங்குகிறது, ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். பெரிய துறைமுகம் தலைநகர் பிசாவு ஒன்றுதான். அரசு விலை அறிவிக்கத் தாமதித்தாலோ, துறைமுகத்தில் வரிசை நீண்டாலோ, உங்கள் சரக்கு மழையில் மாட்டும். ஈரத்தோடு கன்டெய்னரில் அடைத்த கொட்டை வழியிலேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

சரி, தரத்தை எப்படி அளக்கிறோம்? ஒரு கிலோ மாதிரி எடுத்து எல்லாக் கொட்டையையும் வெட்டுவோம். நல்ல பருப்பை முழு எடைக்கும், புள்ளி விழுந்ததையும் முற்றாததையும் பாதி எடைக்கும் கணக்கில் சேர்ப்போம். 300 கிராம் தேறினால் 80 கிலோ மூட்டைக்கு 24 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 53 பவுண்டு. அதைத்தான் அவுட்டர்ன் என்கிறோம். பிசாவு சரக்கு நன்றாக இருந்தால் 50-க்கு மேல் நிற்கும். அதனால்தான் அந்தப் பெயருக்குக் கூடுதல் விலை. அதனால்தான் வேறு நாட்டுக் கொட்டையைப் பிசாவு என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் "நல்ல தரம்" என்று மட்டும் எழுதி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அடிப்படை அவுட்டர்ன் எவ்வளவு, ஒரு பவுண்டு குறைந்தால் விலையில் எவ்வளவு கழிப்பது, எதற்குக் கீழே போனால் சரக்கையே மறுக்கலாம் என்று எண்ணாக எழுதுங்கள். ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சேருங்கள். ஏற்றும்போது ஒரு சோதனை, இங்கே இறங்கியதும் ஒரு சோதனை. எந்தச் சோதனை முடிவு செல்லும் என்பதும் தாளில் இருக்க வேண்டும். ஏற்ற வேண்டிய கடைசித் தேதியை மழைக்கு முன்பாக வையுங்கள்.

முன்பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஆட்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். அந்த நாட்டு அரசு அறிவித்த குறைந்தபட்ச விலைக்கும் கீழே ஒருவர் தருகிறேன் என்றால், ஏற்றுமதி உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2024 ஏப்ரலில் இன்னொரு மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனின், முந்திரியை உடைக்காத கொட்டையாக ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. அங்கிருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்களும் இப்போது பக்கத்து நாடுகளில் கொட்டை தேடுகிறார்கள். இந்த அவசரத்தில்தான் போலி ஆவணங்கள் எளிதாக விலைபோகின்றன. பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்) நகல் வந்தால் அதிலுள்ள கன்டெய்னர் எண்ணைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.