தொட்டியில் நல்ல தண்ணீர், குழாயில் வேறு தண்ணீர்

பர்மாவில் பெகு பக்கம் ஒரு தமிழர் குடியிருப்பு. எழுபது வீடு இருக்கும். நடுவில் மாரியம்மன் கோயில், கோயில் வளாகத்திலேயே ஆழ்துளைக் கிணறு, இரும்புக் கோபுரத்தின் மேல் ஒரு தொட்டி. அங்கிருந்து சாக்கடையை ஒட்டியே பிளாஸ்டிக் குழாய் வீடு வீடாகப் போகிறது. கமிட்டித் தலைவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

“பாருங்க தம்பி, தூசி தும்பு இருக்கா? பன்னீர் மாதிரி இருக்கு. இதைப் போய் சந்தேகப்படுறீங்களே.”

அவர் பின்னால் சுவரில் ஒரு ஆய்வுக்கூட அறிக்கை, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. ‘குடிக்க உகந்தது’ என்று முத்திரை. தேதியைப் பார்த்தேன்: ஜனவரி. நான் போனது ஜூன் கடைசி. முதல் பெருமழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. தெருவின் கீழ்க்கோடியில் இருந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு வரிசையாக வயிற்றுப்போக்கு. மேல்கோடியில் யாருக்கும் ஒன்றுமில்லை.

தண்ணீர்ப் பரிசோதனைதான் என் வேலை. பெகுவிலும் மோன் மாநிலத்திலும் இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குடிநீர் ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டு வருவேன். பெரிய நகரத்துக் குழாய் தண்ணீருக்கு, நல்லதோ கெட்டதோ, சம்பளம் வாங்கும் ஒரு ஆள் இருப்பார். ஊர்க்காரர்களே காசு போட்டு அமைத்த தொட்டிக்கு அப்படி யாரும் இருப்பதில்லை. திறப்பு விழா அன்று எல்லோருடையதாக இருந்தது, மறுநாளே யாருடையதும் இல்லாமல் போய்விடும். நான் பார்த்த தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

சரி, அந்தத் தெருவுக்கு வருவோம். தொட்டியில் ஒரு மாதிரி எடுத்தேன், கீழ்க்கோடிக் குழாயில் ஒன்று. நான் எப்போதும் பையில் வைத்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில். உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருக்கும், தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட வேண்டும். மலக்கிருமிகளோடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்கள் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். நம் ஊர்ச் சூட்டுக்கு இன்குபேட்டர்கூடத் தேவையில்லை. இந்தியாவில் 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த எளிய சோதனை இது. (கிணற்றுத் தண்ணீரே அழுகிய முட்டை வாடை அடித்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், கிருமி இல்லாமலே கறுக்கும்.) மறுநாள் காலையில் தொட்டித் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. கீழ்க்கோடிப் பாட்டில் மை ஊற்றியதுபோல் இருந்தது.

ஒரே கிணறு, ஒரே தொட்டி. நடுவில் என்ன நடந்தது?

கரண்ட் போனது, அவ்வளவுதான். மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலியானது, குழாய்க்குள் அழுத்தம் இறங்கியது. அழுத்தம் இருக்கும்போது குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், உள்ளே எதுவும் வராது. அழுத்தம் போனால் கதை தலைகீழ்: வெளியே இருப்பதைக் குழாய் உறிஞ்சும். போதாக்குறைக்கு, தண்ணீர் மெதுவாக வருகிறது என்று இரண்டு வீட்டில் குழாயிலேயே சின்ன மோட்டார் மாட்டி இழுத்தார்கள். மழையில் சாக்கடை நிறைந்து குழாய் அதற்குள் முங்கிக் கிடந்தது. ஒட்டுப்போட்ட இடம் ஒன்றில் பசை விட்டிருந்தது. இழுத்த இழுப்புக்குச் சாக்கடை உள்ளே வந்துவிட்டது. குழாய் ஓடும் வழியில் காலால் நடந்து பார்த்தபோது அந்த ஒட்டைக் கண்டுபிடிக்க எனக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவரும் நடந்து பார்த்ததில்லை, அதுதான் விஷயம்.

தலைவர் சட்டம் போட்டு மாட்டிய அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஜனவரியில், தொட்டிக்கடியில், ஒரு பாட்டில் தண்ணீர் நல்லதாக இருந்தது. அது சொன்னது அவ்வளவுதான்.

இதற்காகத்தான் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறோம். தொட்டியில் கிருமியைக் கொல்வது ஒரு வேலை. கொன்ற பிறகும் கடைசி வீட்டுக் குழாய் வரை மிச்சம் போய்ச் சேர்வது இன்னொரு வேலை. கலந்து அரைமணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும், கடைசிக் குழாயில் 0.2-க்குக் குறையக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இதுதான். 1,000 லிட்டர் தொட்டிக்கு, 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறத்தாழ 7 கிராமில் தொடங்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அப்புறம் அளந்து பார்த்துத்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும், அதை முதலில் தெளியவைக்க வேண்டும். படிகாரம் போட்டால் தெளியும், ஆனால் கிருமி சாகாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் இன்னமும் நிறையப் பேர்.

பவுடர் மூட்டையையும் கொஞ்சம் கவனியுங்கள். பெகு மழைக்காலத்து ஈரத்தில் வாய் திறந்த மூட்டை சில மாதத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். வாடை இருக்கும், வீரியம் இருக்காது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டில் வையுங்கள், வாங்கிய தேதியை மேலே எழுதுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

அளப்பதில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிது. சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டால் குளோரின் அளவுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு ஏறும். அன்றைக்கு நிறமே வரவில்லை. “குளோரின் இல்லை, இன்னும் போடுங்கள்” என்று பெரிய மனிதர்போலச் சொன்னேன். போட்டார்கள். அதற்கும் நிறம் வரவில்லை. பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆச்சிதான், “ஏன்பா, மூக்கு எரியுதே, உனக்குத் தெரியலையா?” என்றார். குளோரின் மிக அதிகமானால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும், சோதனை பூஜ்யம்போலக் காட்டும். மாதிரியில் நல்ல தண்ணீர் கலந்து நீர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொட்டியைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினோம். ஆச்சி இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அடிபம்பு இருக்கிற இடங்களில் வேறு கதை. வாஷர் தேய்ந்த பம்பில் காலையில் தண்ணீர் ஏறாது, மேலே ஒரு செம்பு ஊற்றி அடிப்பார்கள். அந்தச் செம்புத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பக்கத்துக் குட்டையிலிருந்து. ஆழத்து நல்ல தண்ணீருக்கு நாமே விதை போட்டுக் கொடுத்த மாதிரி. வாஷரை மாற்றுங்கள், அதுவரை காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு மூடி போட்ட பாட்டிலில் பம்பருகே வையுங்கள். சுற்றியுள்ள சிமெண்டு மேடை விரிசல் விட்டிருந்தால் மழைக்கு முன் பூசிவிடுங்கள்.

ஐராவதி டெல்டா பக்கம் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆழம் குறைந்த துளைக் கிணறுகள் சிலவற்றில் ஆர்செனிக் இருக்கிறது. மேலிருந்து யாரும் கொட்டியது அல்ல. ஆறு கொண்டுவந்து படியவைத்த வண்டலிலேயே இருப்பது, காற்றுப் புகாத ஆழத்தில் கரைந்து தண்ணீருக்கு வருகிறது. நிறம் இல்லை, வாடை இல்லை, ருசி இல்லை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். குளோரினும் உதவாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வருடக்கணக்கில் குடித்தபின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப் புள்ளிகள் வரும், புற்றுநோய் வரைக்கும் போகலாம். காகிதம் நிறம் மாறும் கள சோதனைப் பெட்டி இருக்கிறது, ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறு நல்லது என்பதால் உங்களுடையதும் நல்லதாகிவிடாது. வங்காளதேசத்தில் லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பும் ஆகும் தண்ணீருக்குப் பச்சையும் பெயிண்ட் அடித்தார்கள். சிவப்புப் பம்பில் துணி துவைக்கலாம், குளிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

‘எழுபது வீட்டுக்கு இவ்வளவு கெடுபிடியா’ என்று கேட்பவர்களிடம் நான் கனடாவைச் சொல்வேன். ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிறு ஊர், ஏறத்தாழ 5,000 பேர். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணம் கரைந்து ஆழமில்லாத ஊர்க் கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள். இயந்திரம் இருந்தது, குளோரின் இருந்தது, தினம் அளவு எழுதும் நோட்டும் இருந்தது. போட வேண்டிய அளவைப் போடாமல், அளக்காமலே நோட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்கள். பணக்கார நாட்டில் நடந்தது இது.

அதனால் பெகுக் குடியிருப்பில் புது இயந்திரம் எதுவும் நான் கேட்கவில்லை. குழாயைச் சாக்கடையிலிருந்து எடுத்து வேறு பக்கம் பதித்தார்கள். வீட்டு மோட்டார் இரண்டும் கழற்றப்பட்டன. அதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்தது, அதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். அப்புறம் ஒரு ஆளை நியமித்தார்கள். பத்தாவது முடித்துவிட்டுத் தையல் தைக்கும் பெண். மாதம் ஒரு சிறு தொகை, வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பது. தினம் காலையில் கீழ்க்கோடிக் குழாயில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: பூஜ்யம் வந்தால் பூஜ்யம் என்றே எழுத வேண்டும், அதற்காக அவளை யாரும் திட்டக் கூடாது. தலைவர் எல்லோர் முன்னாலும் சரி என்றார்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது.

“அண்ணே, இன்னிக்கு சைபர்.”

“நல்ல தண்ணி ஊத்திக் கலந்து பார்த்தியா?”

“பார்த்துட்டேன். அப்பவும் கலர் வரலை. வால்வை மூடிட்டேன். காய்ச்சிக் குடிங்கன்னு கோயில் மைக்ல சொல்லியாச்சு. புதுப் பவுடர் எடுக்கத் தலைவர் சைக்கிள்ல போயிருக்கார்.”

“நோட்டுல எழுதிட்டியா?”

“சிவப்புப் பேனாவுல எழுதியிருக்கேன் அண்ணே.”