பேரிடர் வேளையில் குழந்தையை அளப்பது

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியதில் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இத்தகைய மலைநாட்டில், அடிபட்ட குழந்தையைக் கிடைத்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உறவினர்கள் அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் விரைவார்கள். அங்கே குழந்தை மருத்துவர் இல்லாமலும் போகலாம் என்பதால், குழந்தைகளுக்கான ஆயத்தம் ஒவ்வொரு சிறிய மருத்துவமனைக்கும் உரிய கடமையாகிறது.

ஒரே நேரத்தில் பலர் வந்து குவியும்போது, யாரை முதலில் கவனிப்பது என்று வாசலிலேயே பிரித்துச் சிவப்பு (உடனடிச் சிகிச்சை), மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்), பச்சை (சிறு காயம்), கறுப்பு (பிழைக்க வாய்ப்பில்லை) அட்டைகளைக் கட்டுவார்கள். பெரியவர்களுக்கான ‘ஸ்டார்ட்’ முறைப்படி, மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவருக்குக் கறுப்பு அட்டை. நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. இந்த அளவுகோல் குழந்தைகளுக்குப் பொருந்தாது. நலமாக இருக்கும் கைக்குழந்தையே 30 முறைக்கு மேல் மூச்சுவிடும். மேலும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் நின்ற பிறகு மூச்சு நிற்கிறது. குழந்தைகளுக்கோ பெரும்பாலும் மூச்சு நின்று, சற்று நேரம் கழித்தே இதயம் நிற்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் உயிரை மீட்க முடியும். லூ ரோமிக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1995இல் வகுத்த ‘ஜம்ப்ஸ்டார்ட்’ முறை, மூச்சில்லாத குழந்தைக்கு நாடித் துடிப்பு இருந்தால் ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்க்கச் சொல்கிறது. மூச்சு திரும்பினால் கறுப்பாக இருந்திருக்க வேண்டிய அட்டை சிவப்பாகிறது. இந்த ஒரு விதியை வாசலில் நிற்கும் செவிலியர் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்பேன்.

இரத்த இழப்பும் ஏமாற்றும். மூன்று வயதுக் குழந்தையின் எடை ஏறத்தாழ 14 கிலோ. கிலோவுக்கு 80 மில்லி வீதம் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 1.1 லிட்டர்தான். அதில் கால் பங்கு, அதாவது ஒரு டம்ளர் அளவு, போய்விட்ட பிறகும் இரத்த நாளங்கள் இறுகிக்கொள்வதால் இரத்த அழுத்தம் இயல்பாகவே காட்டும். பின்னர் திடீரென்று சரியும். ஆகவே அழுத்தமானியை நம்பியிராமல், நாடியின் வேகத்தையும் கைகால்களின் குளிர்ச்சியையும் பார்க்க வேண்டும். நனைந்து வந்த குழந்தையின் உடற்சூடு விரைவாக இறங்கும் என்பதால் உலர்ந்த போர்வையும் மருந்துக்கு நிகரானதே.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. அந்த நெருக்கடியில் எடை பார்க்க நேரமிருக்காது. இதற்கென்றே ‘புரோஸ்லோ’ நாடா இருக்கிறது. படுத்திருக்கும் குழந்தையின் உச்சந்தலையில் சிவப்பு முனையை வைத்துக் குதிகால் வரை நீட்டினால், குதிகால் படும் நிறக்கட்டமே உத்தேச எடையையும் மருந்தளவையும் மூச்சுக்குழாயின் அளவையும் காட்டிவிடும். அதே நிறப் பையில் அந்தந்த அளவுக் கருவிகளை முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்தால்தான் நாடாவுக்குப் பயன் உண்டு. ஊசி போட இரத்த நாளம் கிடைக்காத குழந்தைக்கு, முழங்காலுக்குக் கீழே எலும்பினுள் மருந்தை ஏற்றும் ஊசியும் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

இத்தகைய கேரள–தமிழக எல்லைப் பகுதிக்கென்று இன்னொரு தேவையும் உண்டு. தாயைக் கோட்டயத்துக்கும் பிள்ளையைத் தேனிக்கும் அனுப்பும்படி நேரலாம். பெயர் சொல்லத் தெரியாத குழந்தையை வந்தவுடன் உடையோடு படமெடுத்து, கையில் எண்பட்டை கட்டி, கொண்டுவந்தவர் யார், எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் (தோட்டப் பிரிவு) என்பதையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைக்க வேண்டும். உறவு உறுதியாகும் வரை எவரிடமும் ஒப்படைக்காமல், தமிழ் பேசும் ஒருவரைக் குழந்தையின் அருகிலேயே இருத்த வேண்டும்.