கண்ணுக்கு எதுக்கு ஆஞ்சியோகிராம்?

போன மாசம் ஈப்போவுல அம்மாவுக்கு கண்ணு அப்பாய்ன்மெண்ட், டாக்டர் ஆஞ்சியோகிராம் எடுக்கணும்னு சொன்னதுமே அம்மா மூஞ்சி செத்துப்போச்சு. சுங்கை சிப்புட்ல எங்க தோட்டத்துப் பக்கம் அந்த சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், நெஞ்சு அடைப்பு, தொடையில குழாய் விடுறது, அப்புறம் பைபாஸ். "இனிப்பு நீருக்கு (சக்கரை வியாதிக்கு) கண்ணு காட்ட வந்தா ஏன்டி நெஞ்சுக்குப் போறாங்க"ன்னு வீடு வர்ற வரைக்கும் கேட்டுகிட்டே வந்தாங்க.

அந்த சொல்லுக்குள்ள நெஞ்சே கெடையாது. கிரேக்கத்துல ஆங்கெயோன்னா ஏனம், பாத்திரம், பின்னாடி ரத்தம் ஓடுற குழாய்க்கும் அதையே வெச்சுகிட்டாங்க. கிராம்மான்னா எழுதினது, வரைஞ்சது, நம்ம போன்ல இருக்க டெலிகிராம்ல வர்ற அதே கிராம்தான். ரெண்டையும் சேத்தா குழாயோட படம், அவ்ளோதான். 1927ல போர்ச்சுக்கல் டாக்டர் எகாஸ் மோனிஸ் இந்தப் படத்த எடுத்தது மூளைக்கு, நெஞ்சுக்கு இல்ல.

கண்ணுக்கு வந்தது 1961ல, அமெரிக்காவுல இண்டியானா யுனிவர்சிட்டில மெடிக்கல் படிச்சுகிட்டு இருந்த நோவோட்னி, ஆல்விஸ்னு ரெண்டு பேரு வழி காட்டுனாங்க. கையில ஃபுளோரசின்னு ஒரு சாயத்த ஊசி போடுவாங்க, பத்து பதினஞ்சு செகண்ட்ல அது கண்ணுக்குப் போயிரும், நீல வெளிச்சம் அடிச்சா மஞ்சப் பச்சையா மின்னும், அப்பவே கேமரா படம் படமா எடுத்துகிட்டே இருக்கும். எந்தக் குழாய் ஒழுகுது, எது அடைச்சிருக்கு, எங்க புதுசா கெட்ட குழாய் மொளைச்சிருக்குன்னு தெரியும். தோலு கொஞ்ச நேரம் மஞ்சளா இருக்கும், ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், சிலருக்கு கொமட்டும், ரொம்ப அபூர்வமா பெரிய அலர்ஜியும் வரலாம், அதனால அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிருங்க.

ரொம்ப வருஷம் இந்தப் படத்தப் பாத்துதான் லேசர் எங்க அடிக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க. இப்ப கண்ணுக்குள்ள ஊசி மருந்து வந்திருச்சு, குழாய் ஒழுகி வந்த வீக்கம் வத்துச்சா இல்லையான்னு திரும்பத் திரும்ப பாக்கணும், ஒவ்வொரு தடவையும் சாயம் ஏத்த முடியுமா? அங்கதான் ஓசிடி, அதாவது ஆப்டிக்கல் கொஹிரன்ஸ் டோமோகிராபிங்கிற ஸ்கேன், எடம் புடிச்சுது. 1991ல வெளிவந்த முறை அது. ஊசி இல்ல, வெளிச்சத்த அனுப்பி ஒவ்வொரு அடுக்குல இருந்தும் திரும்பி வர்றத வெச்சு கணக்குப் போடும். விழித்திரையோட கனமே சுமாரா கால் மில்லிமீட்டர்தான், அதையும் அடுக்கு அடுக்கா பிரிச்சுக் காட்டிரும்.

ஓசிடில கடைசி எழுத்து டோமோகிராபி, டோமோஸ்னா கிரேக்கத்துல வெட்டு, துண்டு. அம்மா முப்பது வருஷம் பால் மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையச் சீவி பால் எடுத்தவங்க. பட்டையில உளி எவ்ளோ எறங்கலாம், எங்க கட்டைய தொட்டா மரத்துக்குக் காயம்னு கைக்குத் தெரியும். கத்தியே படாம பட்டையோட ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துலயே பிரிச்சுப் பாக்குற மாதிரின்னு சொன்னேன், ஒடனே புரிஞ்சுகிட்டாங்க.

ஓசிடிய எழுத்துக்கு எழுத்து தமிழாக்குனா ஒளியியல் ஒத்திசைவு வெட்டுவரைவுன்னு வரும், தப்பில்ல, ஆனா கிளினிக்ல நம்பர் எடுத்துகிட்டு உக்காந்திருக்க பாட்டிக்கு அது எதையும் சொல்லாது. விழித்திரை அடுக்குப்படம்னு சொல்லலாம். ஆஞ்சியோகிராமுக்கு குருதிக்குழாய்ப் படம், பேச்சுல குழாய்ப்படம், எந்த உறுப்புன்னு முன்னாடி சேத்துகிட்டா போதும், கண் குழாய்ப்படம், இதயக் குழாய்ப்படம். விழித்திரைங்கிற சொல்லு எனக்கு ரொம்பப் புடிக்கும். ரெட்டினாங்கிறது லத்தீன்ல வலைங்கிற சொல்லுல இருந்து வந்தது, நம்மாளுங்க வலைய விட்டுட்டு படம் விழுற திரைன்னு வேலையச் சொல்லி பேரு வெச்சிருக்காங்க.

இப்ப ஓசிடி ஆஞ்சியோகிராபின்னு ஒண்ணு இருக்கு, சாயமே கெடையாது, அடுத்தடுத்து எடுத்த படங்கள ஒப்பிட்டு எது அசையுதோ அது ஓடுற ரத்தம்னு கண்டுபுடிக்கும், அதுக்கு சாயமில்லாக் குழாய்ப்படம்னு பேரு வைக்கலாம். ஆனா ஒழுகுறது அதுல தெரியாது. அம்மாவுக்கு டாக்டர் பாக்க நெனச்சது அந்த ஒழுகலத்தான், அதனால வர்ற வாரம் சாயம் போட்டுதான் எடுக்கணும். ரெண்டு கையிலயும் நரம்பு கெடைக்காதேன்னுதான் இப்ப அம்மாவுக்கு கவலை, நெஞ்சப் பத்தி பேச்சே எடுக்கல.